சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம்: ஏசியா, சோலாரா, மாடிக்குச் சுண்ணாம்பா, இல்லை சும்மா இருப்பதா?

கார்த்திகையில் சீட்டு எடுத்தேன். தள்ளு போக ஒன்றரை லட்சம் கைக்கு வந்தது. பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டியாகிவிட்டது, அடகில் நகை எதுவும் இல்லை, அதனால் இந்தப் பணம் முழுக்க வீட்டுச் சூட்டுக்குத்தான் என்று எல்லோருமாக ஒத்துக்கொண்டோம். எதில் போடுவது என்பதில்தான் நாலு பேர் நாலு பக்கம் இழுக்கிறோம். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் வேலூரில் நிறைய இருக்கும் என்பதால், ஒரு மாதமாக நான் விசாரித்ததையும் வாதம் செய்ததையும் எழுதி வைக்கிறேன்.

வீடு சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தில். 900 சதுர அடி, ஒரே தளம், மேலே வெறும் சிமெண்ட் பூச்சு. மே மாதத்தில் மாலை 5 மணிக்குக் குழாயைத் திறந்தால் டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது, பக்கெட்டில் பிடித்து ஆற வைத்துத்தான் முகம் கழுவ வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ராத்திரி 1 மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பை அணைத்து அரைமணி நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் எடுத்து மேலே வீசும். அம்மாவுக்கு 74 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். போன மே மாதம் ஒரு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தலை சுற்றி நிலைப்படியில் சாய்ந்துவிட்டார். அன்றைக்கு முடிவு செய்ததுதான், இன்னொரு கோடை இப்படிப் போகக் கூடாது என்று.

தம்பி இரண்டு ரூமுக்கும் ஏசி போடச் சொல்கிறான். பொண்ணு சோலார் என்கிறாள். எனக்கு மாடியை வெள்ளையாக்கி மேற்குப் பக்கம் நிழல் கட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு எதுவுமே வேண்டாம். "இன்னா கண்ணு, வெயிலு வேலூருக்குப் புதுசா? ஆறு இருக்கு தண்ணி இல்லன்னு அந்தக் காலத்துலேயே சொன்ன ஊரு இது. நாலு வருஷம் கொளுத்தும், அப்புறம் தானே எறங்கும். பணத்த பேங்க்ல போடு."

முதலில் சித்தப்பா கட்சியைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் சொல்வது சரியென்றால் மற்ற மூன்றும் வீண் செலவு.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, சென்னைக்குக் கிடைக்கிற மதியக் கடல்காற்று நமக்கு வந்து சேருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும், சுற்றிலும் மொட்டைப் பாறை மலை வேறு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நம் தாத்தா காலத்திலும் உண்டு. பூமியின் தட்பவெப்பம் தானாக மாறியதும் உண்மைதான். சூரியனைச் சுற்றும் பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் அசைவதால் பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு உலகச் சராசரியே ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. எல் நினோ வந்தால் பசிபிக் கடல் சூடேறி நம் மழைக்காலத்தையே ஆட்டிவைக்கும். இதெல்லாம் மனிதன் கை வைக்காமல் நடப்பவை.

ஆனால் கடந்த ஐம்பது வருடச் சூட்டை இவற்றில் எதன் தலையிலும் கட்ட முடியவில்லை. 1978-லிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்துகொண்டே இருக்கின்றன. 11 வருடச் சுழற்சியில் அதன் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான், மொத்தத்தில் கூடவில்லை. பாதை அசைவு பல்லாயிரம் வருட வேலை, ஐம்பது வருடத்தில் அது எதையும் காட்டாது. எரிமலைகள் வருடத்துக்கு விடுகிற கார்பன் டை ஆக்சைடு, நாம் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. எல் நினோ கடலுக்குள் இருக்கிற சூட்டை வெளியே கொண்டுவரும், இரண்டு வருடத்தில் போய்விடும், புதுச் சூட்டை உண்டாக்காது. காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் பூமிக்கடியில் கிடந்த பழைய நிலக்கரி, எண்ணெயிலிருந்து வந்தது என்பதை அந்தக் கார்பனின் வகையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். 2021-ல் ஐநாவின் காலநிலைக் குழு 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று எழுதியதற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம். 2024-ல் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போனது. அந்த வருடத்தில் எல் நினோவின் கையும் இருந்தது, ஆனால் அது ஏறி நின்ற படிக்கட்டு நாம் கட்டியது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னால் "படிச்சவ சொல்ற, சரி" என்று வெற்றிலையை மடித்துக்கொள்வார். அவரை யோசிக்க வைத்தது அவர் சொன்ன இன்னொரு பேச்சுதான். "எங்க காலத்துல சித்திரையிலகூட மொட்ட மாடியில படுத்தா விடியக்காலம் போர்வை தேடுவோம்" என்று நூறு முறை சொல்லியிருப்பார். அதையே பிடித்துக்கொண்டேன். சித்தப்பா, சூரியன்தான் கூடிவிட்டது என்றால் பகல்தானே அதிகம் சூடாக வேண்டும்? ராத்திரி ஏன் ஆறமாட்டேன் என்கிறது? பகலில் வாங்கிய சூடு ராத்திரி வானத்துக்குத் திரும்பிப் போவதைத் தடுக்கிற கார்பன் டை ஆக்சைடு போர்வை தடித்துவிட்டது, அதனால்தான் உலகம் முழுக்கப் பகலைவிட ராத்திரி வேகமாகச் சூடாகியிருக்கிறது. அதே காரணத்தால் தரைக்குப் பக்கத்துக் காற்று சூடாக, மேலே அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது. சூரியன் செய்த வேலையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா சூடாகும்.

இதில் ஊர்ச் சூட்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் உலகத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது. அவர் போர்வை தேடிய காலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வயல் இருந்தது, ஏரியில் தண்ணீர் இருந்தது, பாலாற்றில் ஆள் உயரத்துக்கு மணல் இருந்தது. இன்றைக்கு வயல் இருந்த இடத்தில் காங்கிரீட், மணல் லாரி லாரியாகப் போய்விட்டது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோம், அடுத்த கோடையில் அதே இடத்தில் சீமைக் கருவேலம்தான் நின்றது. ஆக, எங்கள் மேற்குச் சுவரின் சூட்டில் மூன்று பேர் பங்கு இருக்கிறது: பாறையும் அக்னி நட்சத்திரமும் ஒன்று, உலகம் எரித்த கரி ஒன்று, நாம் பூசிய சிமெண்ட் ஒன்று. முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவதை நான் தனியாக மாற்ற முடியாது. மூன்றாவது என் மாடியில் இருக்கிறது. எந்தச் செலவு எதைத் தொடுகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது.

அதற்கு முன் சித்தப்பாவின் அடுத்த வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் அரசியல். "சரி, மனுஷன்தான்னே வச்சிக்கோ. அமெரிக்காக்காரன் எரிச்சதுக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?"

இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஆளுக்கு வருடத்துக்கு அமெரிக்கர் விடுகிற கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 14 டன், நம் நாட்டில் 2 டன்னை ஒட்டி. 1992-ல் உலக நாடுகள் ரியோவில் கூடியபோதே, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்று ஒப்புக்கொண்டார்கள். சூட்டைக் கட்டுப்படுத்த நாடுகள் எல்லாம் செய்துகொண்ட 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக 2017-ல் அறிவித்தது, 2021-ல் திரும்பி வந்தது, 2025-ல் மறுபடியும் விலக ஆணை போட்டது. 2024-ல் பாக்கூவில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்கான உதவியைப் பணக்கார நாடுகள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று நிறுத்திக்கொண்டதை இந்தியா அங்கேயே ஏற்க மறுத்தது. இந்தக் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் 'இது இயற்கை' என்ற பேச்சு யாருக்கு உதவுகிறது என்பது வேலூர் மாவட்டத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்தப்பா முப்பது வருடம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சித்தியின் ஊரில் கிணற்றுத் தண்ணீர் நுரைத்து, தென்னை ஓலை நுனி கருகத் தொடங்கியபோது, முதலாளி சொன்னது "இந்த மண்ணே உப்பு மண்ணு" என்பதுதான். இதைச் சித்தப்பாவே கோபமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கின் தீர்ப்பாக வந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. அழித்தவர் ஈடு கட்ட வேண்டும் என்றது. முழு நிரூபணம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றது. கெடுதல் இல்லை என்று காட்டுகிற பொறுப்பு ஆலைக்காரருடையது என்றும் சொன்னது. இந்தியாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இந்தக் கோட்பாடுகளைப் படிக்கிறார்கள்.

எண்ணெய் விஷயமும் அச்சாக இதுதான். எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலும் 80-களிலும் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், அது ஏறக்குறைய சரியாகவே நடந்துமிருக்கிறது. அதே நிறுவனம் பின்னால் வெளியே 'அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை' என்று விளம்பரம் செய்தது. "உங்க முதலாளி உப்பு மண்ணுன்னு சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவருடைய பாட்டி சொன்னதைச் சொன்னார். 1876-ல் மழை பொய்த்தது இயற்கைதான். வட ஆற்காட்டில் ஜனங்கள் செத்தது அதனால் மட்டும் இல்லை. தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தபோதே நிவாரண வேலைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான் கூலி என்று வெள்ளைக்கார அரசு வெட்டியது. வானம் செய்ததையும் ஆட்கள் செய்ததையும் பிரிக்கத் தெரிந்த குடும்பம்தான் எங்களுடையது.

சரி, இனி செலவுக்கு வருகிறேன்.

ஏசி. ஒன்றரை டன், 5 ஸ்டார், மாட்டுக்கூலி, ஸ்டெபிலைசர், தனி வயரிங் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. பலன் அன்றைக்கே கிடைக்கும், அம்மாவுக்குத் தூக்கம் வரும், அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது, வயதானவர்களுக்குக் குளிர்ந்த அறை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் சூடேறிய கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஏசியே ராத்திரிக்கு ஏழெட்டு யூனிட் இழுக்கும், இரண்டு மாதத்தில் 450 யூனிட். ஏற்கெனவே நாங்கள் 250 எரிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீதக் கணக்கே மாறி பில் எகிறிவிடும். நாட்டின் கரண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்கு 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஆர்-32 கேஸ் கசிந்தால் ஒரு கிலோவே 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

இந்த எண்களைவிட என்னைத் தடுத்தது ஒரு இடம். ஏசிக்காரர் வந்து பார்த்து, வெளி யூனிட்டைப் பின்சந்துப் பக்கச் சுவரில் மாட்டலாம் என்று பென்சிலால் குறி போட்டுவிட்டுப் போனார். அந்தக் குறிக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி, பின்வீட்டு அக்காவின் ஜன்னல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் நாள் முழுக்கப் பீடி சுற்றுவார். ஃபேன் வேகமாக வைத்தால் பீடித் தூள் பறக்கும் என்று மே மாதத்திலும் ஒன்றில்தான் ஓடும். எங்கள் ரூமிலிருந்து இழுத்த சூடு அத்தனையும், மோட்டார் சூட்டோடு சேர்ந்து அந்த ஜன்னலுக்குள் போகும். பாக்கூ விஷயத்தில் கோபப்பட்டுவிட்டு இங்கே இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. தம்பியும் சந்தில் நின்று பார்த்துவிட்டு "வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டான்.

சோலார். பொண்ணு சொல்வது கரியைத் தொடுகிற ஒரே வழி, அதில் அவள் சரி. ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். 3 கிலோவாட்டுக்கு எங்களுக்குச் சொன்ன விலை இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, முதலில் முழுசாகக் கட்டி முடித்தால்தான் மானியம் பேங்குக்கு வரும். நாளுக்கு 12 யூனிட் கிடைக்கும். பேனலுக்கு அடியில் இருக்கிற தளத்துக்கு நிழலும் கிடைக்கும், இதை விற்க வருகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை. ஆனால் சோலார் மட்டும் போட்டால் அம்மா ரூம் குளிராது. பில் குறையும், அவ்வளவுதான். பேனல் சூடேறச் சூடேற உற்பத்தியும் இறங்கும், டிகிரிக்கு ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு போல, நம் மே மாதத்துக்கு இது கணிசம். பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்து ராத்திரியில் திரும்ப வாங்குவதால் ஏசி ஓடுகிற நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் கரிக் கரண்ட்தான்.

வெள்ளை மாடி. இதில் நான் சொந்தமாகப் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மா விழுந்த வாரமே, பயத்தில், அம்மா ரூமுக்கு மேலே மட்டும் மூன்று கோட் சுண்ணாம்பு அடித்தோம். ஹாலுக்கு மேலே அடிக்கவில்லை. மறுநாள் மதியம் 2 மணிக்கு மாடிக்குப் போனேன். சிமெண்ட் பாதியில் வெறுங்காலோடு மூன்று எட்டு வைக்க முடியவில்லை, வெள்ளைப் பாதிக்குத் தாவியதும் நிற்க முடிந்தது. நின்றுகொண்டு துணியும் காயப்போட்டேன். ராத்திரி 10 மணிக்கு ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால் ஹாலில் சுட்டது, அம்மா ரூமில் வெதுவெதுப்புதான். வெறும் சிமெண்ட் தளம் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்கிறது, புதுச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, விஷயம் இவ்வளவுதான். குறை என்னவென்றால் ஐப்பசி மழையில் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. வருடா வருடம் அடிக்க வேண்டும். வெப்பம் திருப்புகிற பெயிண்ட் அடித்தால் மூன்று நாலு வருடம் வரும், எங்கள் அளவுக்கு இருபத்தைந்தாயிரம் சொன்னார்கள். வெள்ளை டைல்ஸ் எழுபதாயிரம், ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் மழையில் வழுக்கும், வயதானவர்கள் வடாம் காயப்போட ஏறுகிற மாடிக்கு எனக்குப் பயம். சுண்ணாம்பு கூலியோடு எட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

வேம்பு, புங்கன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நிழல் வர நாலைந்து வருடம் ஆகும், நட்டுவிட வேண்டியதுதான். அதுவரை மேற்குச் சுவருக்கு ஒரு அடி தள்ளிக் கம்பி நட்டுப் பச்சை வலை, அதன் மேல் கோவைக்கொடி.

கணக்கு வரிசையில்தான் இருக்கிறது என்பது எனக்கு இப்போது தெளிவு. ஏசியை முதலில் வாங்கினால் சூடான கூரைக்கு ஏற்ற பெரிய ஏசி, அந்த ஏசிக்கு ஏற்ற பெரிய சோலார் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கூரையை முதலில் ஆற்றினால் அம்மா ரூமுக்கு ஒரு டன் ஏசி ஒன்று போதும், மே, ஜூனில் மட்டும் 27 டிகிரியில் ஃபேனோடு வைத்துக்கொள்ளலாம், அதற்கு 2 கிலோவாட் சோலாரே தாங்கும். அதனால் இந்த வருடம் சுண்ணாம்பு, வலை, ஒரு ஏசி. வெளி யூனிட் சந்தில் இல்லை, மாடியில், காப்பர் பைப் நீளத்துக்குக் கூடுதலாக ஐயாயிரம் ஆனாலும் பரவாயில்லை. மீதிப் பணம் அடுத்த வருடம் சோலாருக்கு. பொண்ணுக்கு ஒரு வருடம் தள்ளிப் போவதில் வருத்தம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள். சித்தப்பா இன்னும் "செய், செய்" என்று மட்டும்தான் சொல்கிறார்.

மேஸ்திரி மாசி பிறந்ததும் வருகிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு நாள் முன்னாடியே டிரம்மில் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து வைக்கச் சொன்னார். கலக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். பின்வீட்டு அக்காவிடமும் கேட்டுவிட்டேன், அதே டிரம்மில் அவர் கூரைக்கும் சேர்த்துத்தான் கரைக்கப் போகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, தூசி நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, ஷீட் மேல் கால் வைக்காமல், ஏணியில் நின்று நீளக் கம்பு பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். அவர் பீடி இலை நனைக்காத நாளாகப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.